நாக்குக்கு அடியில்

தங்கையின் பிரசவத்துக்காக எடுத்த விடுப்பு முடிந்து மாத்திரையக்கா வேலைக்குத் திரும்பியபோதும் அந்தக் கட்டடம் கொஞ்சமும் மாறாமல் நின்றுகொண்டிருந்தது. நான்கு மாடியாகக் கட்டியது அது. நகரத்துக்கு ஆட்கள் வந்து குவியக் குவிய, உரிமையாளர் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போய் ஏழு மாடியாக்கிவிட்டார். பக்கத்துக் கட்டடக்காரரும் சளைத்தவரில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், வெயில் நுழையாது. உச்சிப் பொழுதில் தெருவிலிருந்து உள்ளே காலை வைத்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். படிகளில் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏற வேண்டும். சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

காசநோய்க்காரர்களின் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பது அவருடைய வேலை. கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. எதிரில் நின்று விழுங்க வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் முரடாகி, பிறகு எந்த மருந்துக்கும் மசியாது. அதனால் விழுங்கியவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாத்திரையக்கா டார்ச் அடித்துப் பார்ப்பார். நாக்குக்கு அடியில் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்வார்.

இதனால் அவருக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். அதே ஆள் கொட்டாவி விட்டால் போதும், "அடடே, ரெண்டாவது மாடி பெயின்டரா!" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது இறந்துபோனால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. இப்போது அப்படியில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மருந்துப் பெட்டி உண்டு; ஆள் போய்விட்டால் மிச்ச மருந்தோடு பெட்டியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். எத்தனை பேருக்குத்தான் அழ முடியும்?

ஆறாவது மாடியில் தையல்காரரின் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மெஷின் எண்ணெய் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து வந்தன. ஜன்னல் இல்லாத அறை. கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் போட்டார். கை சில்லென்று இருந்தது. காற்றே இல்லாத இந்த அறையில் கை எப்படி இவ்வளவு குளிரும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆறு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பில் அந்த நினைப்பும் போய்விட்டது.

அவர் தண்ணீர் இல்லாமலே வாயில் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை.

"போதும். மூடுங்க."

மூடவில்லை.

எதையோ சொல்ல வருகிறவர் போலத் திறந்த வாயோடே இருந்தார். விடுப்புக்கு முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவர் தவறாமல் ஒன்றைச் சொல்வார். "என் வீட்டுக்காரிக்கும் இருமல் விட மாட்டேங்குதுக்கா. அவளையும் ஒரு தடவை பாருங்க." மனைவி துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள், மாத்திரையக்காவும் "அடுத்த வாரம் பார்க்கலாம்ணே" என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று அவர் அதைச் சொல்லவில்லை. நச்சரிப்பு ஓய்ந்ததே என்று மாத்திரையக்கா பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

அறையின் பின்பக்கம் புதிதாக ஒரு பிளைவுட் தடுப்பு நின்றது. அதற்கு அப்பால் யாரோ இருமினார்கள். ஆழமான, ஈரமான இருமல்.

"அடுத்த ரூமுக்காரருக்குமா? ஊரே இருமுது போங்க" என்றபடி இறங்கிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொட்டார். அதில் மட்டும் அவர் கறார். புருஷன் இல்லாத வீட்டில் அவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். மகளும் ஒரு பக்கம் இருமிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். வாசலுக்கு எதிரே மேம்பாலம் கட்டுகிறார்கள், அந்தத் தூசி. இருமல் சத்தம் மாத்திரையக்காவின் காதில் ஏறுவது நின்று வெகுகாலமாகிவிட்டது.

அடுத்து வந்த நாட்களும் அப்படியே போயின. குளிர்ந்த கை, திறந்த வாய், தூக்கிய நாக்கு, தடுப்புக்கு அப்பால் இருமல். ஒருநாள் மட்டும் ஒன்று உறைத்தது. மாத்திரையை விழுங்கும்போது அவருடைய தொண்டை அசையவே இல்லை.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

வெளிச்சம் உள்ளே போனது. எதிலும் பட்டுத் திரும்பவில்லை.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் சூப்பர்வைசர், "அக்கா, ஆறாவது மாடி டெய்லரோட பெட்டி உங்ககிட்டயே இருக்கே. திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

"ஏன் சார்? இன்னும் மருந்து முடியலையே."

"ஆள் போயிட்டாரே. நீங்க லீவுல இருந்தப்பவே. சொன்னாங்கன்னு நெனச்சேன்."

மாத்திரையக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் கொடுத்த நாட்களின் மாத்திரைகள் இல்லை. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போலிருந்தது. வேறு யாரோ ஒரு ஆளுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது, வேலைக்கு உலை வைத்துக்கொண்டோம் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கட்டடத்து வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ரூமா? பூட்டிக் கிடக்குதும்மா. அந்தம்மாவும் ஊருக்குப் போயிடுச்சு."

"நான் தினமும் போய்ட்டுத்தானே வரேன்?"

"நீங்க மேல போறதைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

சாவியோடு அவரும் கூட வந்தார். கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த சாவியை வாட்ச்மேன் திருகித் திறந்தார். கட்டில் மீது துணிகூட இல்லை. வெறும் பலகை, அதன்மேல் தூசி.

தூசியின் மேல் தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பார்த்துக்கிட்டீங்களா? யாருமே இல்ல" என்றார் வாட்ச்மேன்.

மாத்திரையக்காவுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழகிய வாய் தானாகச் சொன்னது. "வாயைத் திறங்கண்ணே."

"யார்கிட்டம்மா பேசுறீங்க?"

வாய் திறந்தது. டார்ச்சைத் தூக்கினார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அதை வாயோடு நிறுத்தாமல் மேலே கொண்டுபோனார். மூக்கு. கன்னம். கண்கள்.

கண்கள் அவரைப் பார்க்கவில்லை.

பிளைவுட் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

தடுப்புக்கு அப்பால் இருமல் கேட்டது. முன்பைவிட மெலிந்து, பாதியிலேயே அறுந்தது.

"அந்தப் பக்கம் யாரு?" என்றார் மாத்திரையக்கா.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "அது... அவரு சம்சாரம்தான்மா. ரூமை வேற ஆளுக்கு விடணும்னு ஓனர் ரெண்டாப் பிரிச்சு அந்தப் பக்கம் தள்ளிட்டாரு. யாரு கேட்டாலும் ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாரு. சீக்கு வீடுன்னு தெரிஞ்சா ஆள் வருமா?"

பின்பக்கத் தாழ்வாரம் வழியாகச் சுற்றிப் போனார்கள். பாய் விரித்தால் இடம் தீர்ந்துவிடும் அளவு இருந்தது அந்தப் பொந்து. அதில் ஒரு பெண் கிடந்தாள். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது.

"வந்துட்டீங்களாக்கா" என்றாள். "நீங்க குடுத்தனுப்புற மாத்திரையைத்தான் முழுங்கிட்டு உசுரோட கிடக்கேன்."

"நான் யார்கிட்ட குடுத்தனுப்பினேன்?"

"தெரியலையே. மத்தியானம் கண்ணசந்து எழுந்தா தலையணை மேல இருக்கும்." மூச்சு வாங்கினாள். "கொஞ்சம் ஈரமா இருக்கும்க்கா. தொடைச்சிட்டுப் போட்டுக்குவேன்."

மாத்திரையக்கா அவளைத் தூக்கி உட்கார வைத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வாட்ச்மேனைக் காலைப் பிடிக்கச் சொல்லி, ஆறு மாடியும் இறக்கினார். இன்னும் சில நாள் போயிருந்தால் கை விரித்திருப்போம், இனி பிழைத்துக்கொள்வாள் என்றார் மருத்துவர். அதைக் கேட்டும் அவருக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். மருந்து ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு மகள் உள்ளே படுத்திருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு மாத்திரையக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே மேம்பால வேலைகூட நின்று, தெரு அமைதியாக இருந்தது.

"அம்மா."

"என்னடி?"

"என் தலையணையில என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

ஈரக் கையோடு உள்ளே போனார். மகளின் முகத்துக்குப் பக்கத்தில், தலையணை உறையின் மேல் மாத்திரைகள் கிடந்தன. அவற்றைச் சுற்றித் துணி நனைந்திருந்தது.

மகள் எழுந்து உட்கார்ந்து இருமினாள். ஆழமான, ஈரமான இருமல். இந்த முறை அது மாத்திரையக்காவின் காதில் விழுந்தது.

"எத்தனை நாளாடி இப்படி இருமுது உனக்கு?"

"நான் சொல்லிக்கிட்டேதானேம்மா இருக்கேன்" என்றாள் மகள். "நீதான் கேக்கல."

மாத்திரையக்கா ஒன்றைக் கையில் எடுத்தார். சில்லென்று இருந்தது. இத்தனை வருடமாக வராத அழுகை, அவர் எதிர்பாராத நேரத்தில், வயிற்றிலிருந்து பீறிட்டுக் கிளம்பியது. மகளை வாரிச் சேலையால் போர்த்தி, செருப்பைக்கூடத் தேடாமல், தாழைத் திறந்துகொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

ஆளில்லாத அந்த வீட்டின் உள்ளறையில், கட்டிலின் கால்மாட்டில், யாரோ உட்கார்ந்தது போல மெத்தை மெல்ல அழுந்தியது.