இடது பக்கக் கிங் பின்

பெங்களூர் தொம்மலூரில் சாந்தகுமாரியின் வீட்டு மணியை அழுத்துகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் பொய் சொல்ல வருவார்கள். லாவண்யா இரண்டிலும் சேராமல், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடுங்கோபத்தில் வந்தாள்.

“ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை திருடன்னு எங்க அண்ணன் சொல்றான். நிஜமாவே திருடன்னா எனக்கு அவரு வேண்டாம். இல்லைன்னா அண்ணன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

சாந்தகுமாரி மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒசூர் ரோட்டில் ஒருமுறை மோதிக்கொண்ட இரண்டு லாரிகள், அவர் ஜீப்பிலிருந்து இறங்குவதைக் கண்டதும் தாமாகவே பின்னால் நகர்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவருடைய கணவர் சாமிநாதன் சொல்வார். சாமிநாதன் வங்கியில் வேலை பார்த்தவர். மிகைப்படுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“உக்காரும்மா. எதைத் திருடினாராம்?” என்றார் சாந்தகுமாரி.

“கிங் பின்.”

சாமிநாதன் உடனே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். கிங் பின் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சாந்தகுமாரி விளக்கினார்: “பழைய கார்ல முன்சக்கரம் இடம் வலம் திரும்புதே, அதுக்குக் கீல் மாதிரி ஒரு உருக்கு உருளை. பக்கத்துக்கு ஒண்ணு. கதவுக் கீல் தேஞ்சா கதவு ஆடும். இது தேஞ்சா சக்கரம் ஆடும்.”

லாவண்யா சொன்ன கதை இது. ஜீவனஹள்ளியில் வீடு. அம்மா ருக்மிணி, அண்ணன் ஸ்ரீஹர்ஷா, அவள். அண்ணன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாலும் உயிர் முழுவதும் 1938-ஆம் வருடத்து இங்கிலீஷ் கார் ஒன்றின் மேல். அதன் கிங் பின் இரண்டும் தேய்ந்துபோக, புது ஜோடி ஒன்று லண்டனிலிருந்து நண்பரின் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜேஷ்குமார் ஆயுத பூஜைக்கு முன்னால் அதைப் பொருத்திக் கொடுத்தான். காருக்காக வந்தவன் காபிக்காக வந்து, கடைசியில் லாவண்யாவுக்காக வர ஆரம்பித்தான்.

“ஆறு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு ஆன்ட்டி. போன வாரம் இடது சக்கரம் மறுபடி ஆட ஆரம்பிச்சது. அண்ணன் வேற மெக்கானிக்கை வச்சுப் பிரிச்சான். வலது பின் புதுசு மாதிரி இருக்கு. இடது பின் கரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு. கழட்டின பழசை ராஜேஷ் ஒரு அட்டைப்பெட்டில போட்டுக் குடுத்திருந்தாரு. அதுல பார்த்தா ஒரே ஒரு பழைய பின்தான் இருக்கு.”

“ஆக, இன்னொரு பழசு கார்லயே இருக்கு. புதுசு பீன்யாவுல இருக்கு. அப்படித்தானே உங்க அண்ணன் கணக்கு?”

“ஆமா. இதே மாடல் கார் ஒண்ணு அவரு பட்டறையிலயும் நிக்குது. அதுக்குப் போட்டுட்டாராம். ராஜேஷ் என்னன்னா, ரெண்டு பழசையும் குடுத்தேன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. சந்தேகப்படற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னு போனை வச்சுட்டாரு.”

“கேஸ் முடிஞ்சுது, குமாரி. பையன்தான் எடுத்திருக்கான்,” என்றார் சாமிநாதன்.

“என்னங்க, செருப்பைப் போடுங்க. போகலாம்.”

ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் கார் நின்ற இடம், காரை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வலது பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியிருந்தது. அந்த இடுக்கில் பல்லிகள்கூட ஒருக்களித்துத்தான் போயின. இடது பக்கம் ஆள் நடக்க வழி. அங்கே ஜாக்கி வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டைத் தனியே பெஞ்சு மேல் வைத்திருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. ருக்மிணி பூஜை முடித்து, குங்குமச் சிமிழோடு வந்து வரவேற்றார். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் எல்லாமே சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தன. வைஃபை பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு இருந்தது.

“வாங்க மேடம், டீ போடறேன்,” என்று ருக்மிணி உள்ளே போனார். சமையலறையிலிருந்து ணங் ணங்கென்று இஞ்சி தட்டும் சத்தம் வந்தது.

ஸ்ரீஹர்ஷா தேய்ந்த பின்னைத் துணியில் சுற்றி, கொலை ஆயுதத்தைப் போல எடுத்து வந்தான். “நீங்களே பாருங்க ஆன்ட்டி. ஆறு மாசத்துல ஒரு புது பின் இப்படித் தேயுமா?”

“கிரீஸ் போடறியாப்பா?”

“என்ன ஆன்ட்டி இப்படிக் கேட்டுட்டீங்க? சனிக்கிழமை தவறாம ரெண்டு பக்கமும் நானே போடறேன். வழியற வரைக்கும் கிரீஸ் கன்னை அழுத்துவேன்.”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழியுமா?”

“இடது பக்கம் ரெண்டே அழுத்துல, கிரீஸ் உள்ள போற குமிழ் இருக்கே, அந்த நிப்பிளைச் சுத்தி வழிஞ்சிடும். வலது பக்கம்தான் நிறையக் குடிக்கும். கார் அடியில படுத்து, சுவத்துல முழங்கை இடிச்சுக்கிட்டுப் போடறேன்.”

சாந்தகுமாரி தலையசைத்துவிட்டு டீயைக் குடித்தார். பிறகு, “ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு டம்ளர் கிடைக்குமா?” என்று கேட்டபடி ருக்மிணியின் பின்னாலேயே சமையலறைக்குள் போனார். சாமிநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி காபியைத் தவிர வேறு எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

திரும்பி வந்ததும் சாந்தகுமாரி, “லாவண்யா, ராஜேஷை வரச் சொல்லு. அவர் பேச வேண்டாம், சும்மா நின்னா போதும்னு சொல்லு,” என்றார்.

ராஜேஷ்குமார் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஸ்ரீஹர்ஷா உள்ளே நின்று வானத்தைப் பார்த்தான். நடுவில் நின்ற லாவண்யா, யாரையும் பார்க்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் காணாமப்போன புதுசைத் தேடினீங்க,” என்று ஆரம்பித்தார் சாந்தகுமாரி. “பழசை யாருமே தேடலை. அட்டைப்பெட்டியை ராஜேஷ்கிட்ட இருந்து யார் வாங்கினது?”

“நான்தான். இவன் ஆபீஸ்ல இருந்தான்,” என்றார் ருக்மிணி.

“அதுல இருந்து எதையாவது எடுத்தீங்களா?”

“பழைய இரும்புதானே மேடம்? என் இஞ்சிக் குழவி உடைஞ்சுபோச்சு. இது கைக்கு அடக்கமா இருந்துது, ஒண்ணை எடுத்துக்கிட்டேன். புளி போட்டுத் தேய்ச்சு, மூணு தண்ணியில கொதிக்க வச்சு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

சாந்தகுமாரி முந்தானைக்குள்ளிருந்து பளபளக்கும் உருக்கு உருளை ஒன்றை எடுத்தார். சாமிநாதன், அட்டைப்பெட்டியில் இருந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீளம் ஒன்று, நடுவில் பூட்டு ஆணி உட்காரும் பள்ளம் ஒன்று, தேய்மானமும் ஒன்று. ஒன்றில் மட்டும் இஞ்சி வாசனை அடித்தது.

“ரெண்டு பழசும் இங்கயே இருக்கு. அப்போ கார்ல இருந்தது ரெண்டுமே லண்டன்ல இருந்து வந்ததுதான்.”

“அம்மா!” என்று கத்தினான் ஸ்ரீஹர்ஷா. “நாலு நாளா இந்த வீட்டுல இதைப் பத்தித்தானே பேச்சு!”

“புதுசு காணோம் புதுசு காணோம்னுதானேடா கத்தினே? நான் எடுத்தது பழசு!”

ஸ்ரீஹர்ஷா விடவில்லை. “சரி, திருடலை. அப்படின்னா பொருத்தினதுல தப்பு. புதுசு ஏன் தேஞ்சுது? பின்னைச் சுத்தி உள்ள போட்ட புஷ் வளையத்துல கிரீஸ் ஓட்டையைச் சரியா போடலை!”



“அதையும் பார்த்துடலாம். கன்னைக் கொண்டா. சனிக்கிழமை எப்படிப் போடுவியோ அப்படியே போடு,” என்றார் சாந்தகுமாரி.

ஸ்ரீஹர்ஷா பெஞ்சு மேலிருந்த இரும்புத் துண்டின் நிப்பிளில் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினான். இரண்டாவது அழுத்திலேயே நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கியது. “பாருங்க, நிறைஞ்சிடுச்சு.”

“எது நிறைஞ்சுது? பின் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு. விரலை விட்டுப் பாரு.”

அவன் விரலை விட்டான். துடைத்து வைத்தது போல வெளியே வந்தது.

சாந்தகுமாரி ஒரு ஊக்கின் முனையால் நிப்பிளின் நுனியைக் கிளறினார். மஞ்சளும் சிவப்புமாகக் கெட்டிப்பட்ட கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. சாமிநாதன் பூதக்கண்ணாடியால் பார்த்து, முகர்ந்து, பக்தியோடு அறிவித்தார்: “சந்தனம். குங்குமம்.”

“ருக்மிணி அம்மா, ஆயுத பூஜையில இருந்து வெள்ளிக்கிழமை தோறும் காருக்குப் பொட்டு வைக்கறீங்க. கண்ணாடியில வச்சா பையன் துடைச்சிடுவான். அதனால…”

“அந்த உருண்டை அழகா சுவாமி மூக்கு மாதிரி இருந்துது,” என்றார் ருக்மிணி மெல்லிய குரலில். “அந்தப் பக்கமும் வைக்க ஆசைதான். சுவரு விடலை.”

“அந்தப் பக்கப் பின்னைக் காப்பாத்தினது சுவருதான். இந்தப் பக்கம் ஒவ்வொரு வாரமும் உங்க பையன் அழுத்தின கிரீஸ் உள்ள போகாம வெளியில வழிஞ்சுது. பின்னோட மேலயும் கீழயும் பிதுங்கினாத்தான் நிறைஞ்சுதுன்னு அர்த்தம். நிப்பிளைச் சுத்தி வழிஞ்சா வாசல் அடைச்சிருக்குன்னு அர்த்தம். பெங்களூர் பள்ளத்துல ஆறு மாசம் காய்ஞ்சு ஓடினா எந்த ஊர் உருக்கும் தேயும். இப்போ அழுத்துப்பா.”

இந்தத் தடவை புஷ்ஷின் ஓட்டை வழியே கிரீஸ் கொழுத்த புழுவாக எட்டிப் பார்த்தது. ராஜேஷ் போட்ட ஓட்டை, போட வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

ஸ்ரீஹர்ஷா கிரீஸ் கையோடு போய்க் கேட்டைத் திறந்தான். “ராஜேஷ்… நான் ஒரு கழுதை. உள்ள வாப்பா.”

“உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய்,” என்றான் ராஜேஷ். பிறகு பெஞ்சிலிருந்த பின்னைப் பார்த்தான். அதைப் பார்த்ததும் அவன் முகம் தானாகவே தொழிலுக்குத் திரும்பிவிட்டது. “லண்டனுக்கெல்லாம் சொல்ல வேண்டாம். நல்ல உருக்குல கடைஞ்சு, பதம் பண்ணி, அரைச்சுத் தரேன். ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது.”

“ஐயோ, இந்தக் கார்லதானே மாப்பிள்ளை அழைக்கறதா இருந்தோம்!” என்றார் ருக்மிணி.

“கார் எதுக்கு அத்தை? பீன்யாவுல மெட்ரோ இருக்கு.”

அத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் லாவண்யா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நகம் கடிப்பது நின்றது. “எனக்கு ரொம்பப் பசிக்குதும்மா,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினேழு தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டார் பீன்யாவில் மெட்ரோ ஏறினார்கள். மெஜஸ்டிக்கில் வண்டி மாறும்போது ஒரு வாழைப்பழத் தார், கூட்டத்தில் தானாகவே கடைசி ஸ்டேஷனான ஒயிட்ஃபீல்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்ததாகச் சாமிநாதன் சொல்கிறார். வாசலில் வந்து நின்ற ராஜேஷ் வேர்த்துக் கசங்கிப் போயிருந்தான்.

“இவ்ளோ நேரமா?” என்று கேட்டாள் லாவண்யா.

“கூட்டம். வழியெல்லாம் நின்னுக்கிட்டேதான் வந்தேன்,” என்றான் அவன்.

“அப்படின்னா வந்து உக்காருங்க,” என்று அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.