பிஸ்கட் சாப்பிட மறுக்கிறது

"உயிரோட ஒரு எலி வேணும்."

"உயிரோட குடுக்கிறதில்லைங்க. உறைய வெச்சதுதான் இருக்கு."

நெரிஸுக்குச் சுருக்கென்றது. ஸ்வான்சீ நகரத்தின் பாழாய்ப்போன மழையில் தொப்பலாக நனைந்து, இந்தப் பாம்புக்கடைக்கு ஓடி வந்தது இதைக் கேட்கவா? கவுண்ட்டரில் நின்றவனை முறைத்தாள். சட்டையில் 'மெரிக்' என்று பெயர்... பழுப்புக் கண்கள்... திட்டக்கூட விடாத சாந்தமான கண்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என் அண்ணன் ஹியூவோட மலைப்பாம்புக்குத்தான். பிஸ்கட்னு பேரு. அவன் இறந்ததிலேருந்து எதையும் தொட மாட்டேங்குது. அவன் எப்பவும் உயிரோடதான் போடுவான்."

"பசியில்லாத பாம்புகிட்ட உயிர் எலியை விடாதீங்க. எலிதான் பாம்பைக் கடிக்கும். செத்ததைச் சூடு பண்ணி..."

"எங்க அண்ணனை விட உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். வேறொரு கடையில், செல்லமாக வளர்க்கப்போவதாகக் கூசாமல் பொய் சொல்லி ஒரு வெள்ளை எலி வாங்கினாள். பிஸ்கட்டின் கூண்டுக்குள் விட்டாள். பாம்பு தலையைக்கூடத் தூக்கவில்லை. ஹியூவாக இருந்தால் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கவே முடியாமல் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மாலையில் வந்து பார்த்தால்... ஐயோ! பிஸ்கட்டின் முதுகு கிழிந்து சதை தெரிந்தது. எலி மூலையில் சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் விட்டுப்போன ஒரே உயிர்... அதையும் தன் கையாலேயே கொன்றுவிட்டாளா?

அதே மழை, அதே கடை. வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பாம்பு இருந்த பையைப் பேசாமல் நீட்டினாள். 'அப்பவே சொன்னேன்ல' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செத்தே போயிருப்பாள். அவன் சொல்லவில்லை. வேனை எடுத்து மருத்துவரிடம் கூட்டிப்போனான்.

தையல் போட்ட காயம் ஆறியது. ஆனால் பிஸ்கட் இன்னமும் பட்டினி. முதுகெலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது. இனியும் சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

ஞாயிறு மதியம் மெரிக் வீட்டுக்கே வந்தான். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கினான்.

"ஹேர் டிரையர் இருக்கா?"

"எதுக்கு, உங்க தலைக்கா?"

"எலி தலைக்குங்க. சூட்டை வெச்சுத்தான் எலிக்கு உயிர் இருக்குன்னு பாம்பு நம்பும்."

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நெரிஸ் சிரித்துவிட்டாள். அவன் எலியைக் கவ்விய இடுக்கியை அவள் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்து மெல்ல ஆட்டினான். பாம்பின் நாக்கு நீண்டது... நின்றது... மறுபடி நீண்டது... படக்!

பிஸ்கட் எலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. அவளுக்குக் கண்ணீர் பொங்கியது.

"கொஞ்சம் சூடு பட்டதும் உயிரோட இருக்குன்னு நம்பிடுச்சு பாருங்க... என்னையும் யாராவது இப்படி ஏமாத்தக் கூடாதா? அண்ணன் இருக்கான்னு..."

அவன் அவள் கையை விடவில்லை.

"அந்த வெள்ளை எலி?" என்றான், பிஸ்கட் விழுங்கி முடித்ததும்.

"சமையல்கட்டுல இருக்கு. பொய் சொல்லித்தான் வாங்கினேன்... இப்ப நெஜமாவே வளர்க்கறேன்."

கிளம்பும்போது வாசலில் குடையை விரித்தான்.

"அடுத்த தீனி ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டாப் போதும். அப்ப வரேங்க."

போய்விடுவான். வீம்புக்குத் தலையாட்டிவிட்டால் போதும், போயே விடுவான்...

"பிஸ்கட் ரெண்டு வாரம் தாங்கும், மெரிக்," என்றாள். "என்னால தாங்க முடியாது."

அவன் குடையை மடக்கி உள்ளே வந்தான். நெரிஸ் ஹியூவின் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.