சும்மா இருந்தவள்

“‘சும்மாதான் இருந்தா’ன்னு மூளைமீட்டிகிட்ட சொன்னது நீங்கதான அத்தான்?”

“பின்ன என்னன்னு சொல்ல, மாப்ள? ஆபீசுக்கா போனா? வீட்டுல சும்மாதான இருந்தா?”

வேலாயுதத்தின் குரலும் மைத்துனன் இசக்கியின் குரலும் பாளையங்கோட்டை மூளைமீட்பு மையத்தின் மாடிப்படி வரைக்கும் கேட்டன. காதைப் பொத்திக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

சண்டைக்கு நடுவில் வேலாயுதத்தின் மனைவி கோமதி உட்கார்ந்திருந்தாள். பரணைத் துடைக்க ஏறி, விழுந்து, தலையில் அடிபட்டவள். இப்போது சுவரைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். குறையே சொல்ல முடியாது, அவ்வளவு சும்மா.

மூளைமீட்டி இயந்திரத்தின் மேல் தப்பில்லை. அடிபட்ட மூளைக்கெல்லாம் ஒரே வைத்தியம் பார்த்த காலம் மலையேறிவிட்டது. வயது, ஆணா பெண்ணா, படிப்பு, தொழில் எல்லாம் விசாரித்து, ஆள் முன்பு எப்படி இருந்தாரோ அதே நிலைக்கு நரம்புகளை மின்துடிப்பால் வளர்த்துவிடும். கொத்தனாருக்குக் கை வந்தது. வக்கீலுக்கு வாய் வந்தது. அதற்கு அவர் பெண்டாட்டி அவ்வளவு அவசரப்படவில்லை என்பார்கள். கோமதிக்குச் சும்மா வந்தது. திரையில் பச்சை எழுத்து: ‘முழு மீட்பு’.

அடிபட்ட மூளை கொஞ்ச காலம்தான் பச்சை மண்ணாக நெகிழ்ந்திருக்கும், அப்புறம் இறுகிவிடும். கோமதிக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள்.

“இன்னொரு தடவ கேளு தாயி, ஒழுங்கா சொல்லுதேன்” என்று வேலாயுதம் இயந்திரத்தைக் கும்பிட்டான்.

“கோமதி அம்மாள் காலையில் என்ன செய்வார்?”

“காபி போடுவா.”

“அதற்கு முன்?”

அப்போது அவன் தூக்கத்தில் இருப்பான்.

“அதற்குப் பின்?”

“நான் ஆபீசு போயிருவேன். சாயந்தரம் வந்தா எல்லாம் அததுக்க எடத்துல இருக்கும்.”

“எப்படி?”

வேலாயுதம் இசக்கியைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் சொல்லுதேன்” என்று இசக்கி பாய்ந்தான். ஆனால் கடைசியாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர் சொல்லைத்தான் மீட்டி ஏற்கும். பிள்ளைகளும் இல்லாத வீடு.

“அவர் எதற்குச் சிரிப்பார்?” என்று மீட்டி வேலாயுதத்தையே கேட்டது.

வேலாயுதம் கோமதியின் முகத்தைப் பார்த்தான். கண்ணாடித் திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். “ஏதாவது போட்டுக்க தாயி. எல்லாந்தான் செய்வா.”

“‘எல்லாம்’ என்றால்?”

மறுநாள் கோமதி எழுந்து காபி போட்டாள். முதல் தரமான காபி. அவன் குடித்து முடித்ததும் மறுபடி போட்டாள்.

இசக்கி அக்காவைத் தென்காசிக்குக் கூட்டிப்போய்விட்டான். அவன் மகள் கல்யாணத்தில் பந்திக்கெல்லாம் காபி அவள்தான்.

வேலாயுதம் தனியாக இருந்தான். ஓய்வு பெற்ற வருடமே மூளையில் ரத்தம் கட்டி விழுந்தான். அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவரைத் தேடி மீட்டி தென்காசிக்குப் பேசி, அவர் என்ன செய்வார் என்று கேட்டது.

கோமதி காபி ஆற்றுவதை நிறுத்தினாள்.

“காபி குடிப்பாவ” என்றாள்.