ம் கொட்டியவள்

பழைய பஞ்சுக் கிடங்கைத்தான் பனியன் கம்பெனி ஆக்கியிருந்தார்கள். நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு அன்று புதிதாகச் சேர்ந்த சாரதாமணி, தூணோரம் காலியாகக் கிடந்த சாக்கில் போய் உட்கார்ந்தாள். மற்ற நாலு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மெஷின்கள் அடங்கியதும் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் மிஞ்சியது. இருந்த ஒரே ஜன்னலில் வெளிச்சம் மங்கலாக வந்தது. எங்கிருந்தோ புகையிலை வாசம் அடித்தது.

கூடவே, தாழ்ந்த குரலில் ஒரு கதை.

கிணற்றில் விழுந்த காப்பைத் தேடி ஒருத்தி படியிறங்குகிறாள். அவள் ஒரு படி இறங்கினால் தண்ணீரும் ஒரு படி இறங்குகிறது. சாரதாமணி கதை என்றால் சோறு தண்ணீர் மறப்பவள். கதை சொன்னால் ஒருத்தர் ம் கொட்ட வேண்டாமா? குனிந்தபடியே கொட்டினாள்.

"ம்."

கத்தரிக்கோல்கள் நின்றன.

"யாருக்குக் கண்ணு ம் கொட்டுனே?" என்று வேலாத்தாள் மெல்லக் கேட்டாள். அவள்தான் அங்கே மூத்தவள்.

"நீங்க சொன்ன கதைக்குத்தாங்க."

"இங்க யாரும் வாயத் தொறக்கலியே."

வேலை விட்டுப் போகும்போது வேலாத்தாள் விஷயத்தைச் சொன்னாள். அந்தச் சாக்கு சாமியாத்தாளுடையது. கதை சொல்லியே எல்லோரையும் வேலை வாங்கியவள், பாதிக் கதையில் அங்கேயே சாய்ந்து செத்தாள். அதற்கப்புறம் ஒரு பெண் தெரியாத்தனமாக ம் கொட்டினாள். சாமியாத்தாள் அவள் வீட்டுக்கே போய்விட்டாள். அந்தப் பெண் அன்னம் ஆகாரம் இல்லாமல் கதை கேட்டுக்கொண்டே இருந்து ஒரே மாசத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"இனிக் கொட்டீராதே. எது கேட்டாலும் கேக்காத மாதிரி இருந்துக்கோ," என்றாள் வேலாத்தாள்.

சாரதாமணி ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். புருஷன் சோமனூரில் தறி ஓட்டுகிறவன், சனிக்கிழமைதான் வருவான். பக்கத்து வீட்டில் விட்டிருந்த ஐந்து வயது மகள் கண்ணம்மாளைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, விளக்கேற்றப் போனாள்.

புகையிலை வாசம்.

"ம்," என்றாள் கண்ணம்மாள்.

பிறகு மறுபடியும், "ம்."

குழந்தை இருட்டு மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தக்கா இன்னொரு படி எறங்கீட்டாளாமா."

சாரதாமணி பாய்ந்து மகளை மடியில் இழுத்து வாயைப் பொத்தினாள். கைக்குள்ளே அந்தச் சின்ன உதடுகள் அடுத்த ம்முக்குத் துடித்தன. மூலையில் கதை நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிற நிசப்தம் அது.

காதைப் பொத்தலாம். எத்தனை நாளைக்கு? தான் இல்லாத நேரத்தில் யார் பொத்துவார்கள்?

"கொழந்தைய உட்ருங்க," என்றாள் மூலையைப் பார்த்து. "எனக்குச் சொல்லுங்க."

பெற்ற பிள்ளைக்காகத்தான் சொன்னாள். ஆனால், அந்தக் காப்பு கிடைத்ததா என்று அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கண்ணம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பசிக்குது என்றாள். அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இருட்டு மெல்லத் தொண்டையைக் கனைத்தது.

"அப்பறம், அவ அடுத்த படியில கால வெச்சா..."

"ம்," என்றாள் சாரதாமணி.