உள்ளேன் ஐயா

அந்த வீடியோப் பதிவில் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று திரும்பிப் பார்த்தாள்.

அம்மா போட்டுக் கொடுத்த காபியோடு அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் மடிக்கணினி, அதில் இணைய வகுப்பு. திரை நிறையக் கட்டம் கட்டமாக முகங்கள், கல்வித் தாகத்தால் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் வரிசையில் அவளுடைய கட்டம். அதில் அவளுடைய முகம் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்டுவதை நிறுத்தியது. கதவுப் பக்கம் கழுத்தைத் திருப்பி, வந்தது யார் என்று பார்த்துவிட்டு, மறுபடியும் பாடத்தைக் கவனிக்கத் தொடங்கியது.

நாற்காலியில் யாரும் இல்லை. கேமராவின் கண்ணில் அவளே ஒட்டிய பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது.

இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் மைக்செட். பள்ளிக்கூடத்திலிருந்தே உயிர்த்தோழி. ரகசியம் பேசினாலும் தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். தோழி அக்கறையோடு பாடம் கேட்பதுபோல் படம் பிடித்து, கேமராவுக்குப் பதிலாக அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டது மைக்செட்தான். வருகைப் பதிவின்போது குரலை மாற்றிக்கொண்டு அவளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னதும் மைக்செட்தான். அந்த நேரத்தில் அவள் தூங்கினாள், துணி மடித்தாள், பெரும்பாலும் தூங்கினாள். ஒருநாள் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். தூக்கம் வந்துவிட்டது.

பேராசிரியரோ 'பிரசண்ட் சார்' என்று கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் துடிப்பவர். 'உள்ளேன் ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். "வந்தவரெல்லாம் உள்ளவர் ஆகார், உள்ளே இருப்பவரே உள்ளவர்" என்று அதற்கு ஒரு பேருரையும் வைத்திருந்தார். முதல் நாள் அதை ஒலிவாங்கியைத் திறக்காமலே ஆற்றி முடித்தார், யாரும் சொல்லவில்லை. மறுநாள் திறந்துவைத்து ஆற்றினார். முதல் நாள் உரைதான் சிறப்பு என்பது மாணவர்களின் ஒருமித்த கருத்து.

ஆனால் அவரிடம் விளையாட முடியாது. போன மாதம் இதே வித்தையில் மாட்டிய ஒருவனைக் கல்லூரியைவிட்டே அனுப்பியிருந்தார்.

வெளியே மழை மூட்டம். பகலிலேயே அறை இருட்டிக்கொண்டு வந்தது. மடிக்கணினியின் விசிறி, மாடி ஏறி வந்தவர் மூச்சிரைப்பதுபோல் இரைந்தது. காபி மணத்துக்கு அடியில் வேறொரு மணம், வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் தலைமுடியும் கழுத்தும் கலந்த மணம். அது தன்னுடையதுதான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாற்காலி மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

"பதினேழு," என்றார் பேராசிரியர். அவளுடைய எண்.

மைக்செட்டின் கட்டத்தைப் பார்த்தாள். மைக்செட் வாயைத் திறக்கவில்லை.

"உள்ளேன் ஐயா."

மிமிக்ரி இல்லை. தூங்கி எழுந்ததும் அவளுக்கு வரும் அதே லேசான கரகரப்பு.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மைக்செட்டுக்கு போன் போட்டாள். திரையில் மைக்செட் குனிந்து எடுத்தாள்.

"ஏய், நீயா சொன்ன?"

"எதை?" மைக்செட் ரகசியக் குரலில் பேசினாள். அந்தத் தொண்டைக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே இன்றுதான் தெரிந்தது.

"என் அட்டெண்டன்ஸை."

"நான் நிறுத்தி ரொம்ப நாளாச்சே. அவளே சொல்லிக்கிறா."

"எவடி அவ? விளையாடாத. நான் இங்க நின்னுக்கிட்டிருக்கேன். கட்டத்துல இருக்கறது நான் இல்ல."

"தெரியும்."

விசிறி இரைந்தது. கட்டத்துக்குள் இருந்தவள் எதையோ கேட்டு ரசிப்பதுபோல் தலையைச் சாய்த்தாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப உனக்கு எத்தனை தடவ போன் போட்டேன்?" என்றாள் மைக்செட். "நீ எடுக்கல. 'அட்டெண்டன்ஸ் போட்டுட்டியா'ன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு. அவதான் கூடவே இருந்தா. கிளாஸ் முடிஞ்சப்புறமும் போகவே இல்ல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தா."

"சொல்லியிருக்கலாம்லடி என்கிட்ட?"

"சொன்னேனே. உன்கிட்டதான்னு நெனச்சு சொன்னேன். அவகிட்ட சொல்றோம்னு தெரிஞ்சப்புறமும் சொன்னேன்."

மைக்செட் போனை வைத்துவிட்டாள். திரையில் கட்டத்துக்குள் இருந்தவளைப் பார்த்து மைக்செட் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அவளுக்கென்றே இருந்த சிரிப்பு.

அவள் மடிக்கணினியின் மின்வயரைப் பிடுங்கினாள். வகுப்பு நடந்தது. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். வகுப்பு நடந்தது. போனிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தாள். ஒற்றை வரி வந்தது: 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.'

படிப்பு போனால் போகட்டும்.

"ஐயா!" மடிக்கணினியைப் பார்த்துக் கத்தினாள். "அது நான் இல்ல ஐயா! நாங்க ஏமாத்தினோம்! நான் இங்க இருக்கேன்!"

ஒரு முகமும் அசையவில்லை. பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு இலக்கணத்தைத் தொடர்ந்தார்.

அவளுடைய கட்டத்தில் மட்டும் ஒரு மாற்றம். உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் ஒருத்தி நின்றிருந்தாள். இதே உடை. வாய் திறந்திருந்தது.

கேமராவைப் பார்த்தாள். பிளாஸ்திரி இருந்தது.

"ஐயா," என்றாள் மைக்செட். இப்போது அவளுடைய சொந்தக் குரல், நாலு வீடு கேட்கும் குரல். "பதினேழுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்க. கவனம் சிதறுது."

"பின்னணியை மங்கலாக்குக," என்றார் பேராசிரியர்.

உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டினாள். எதையோ தொட்டாள்.

முதலில் சுவர் போனது. ஜன்னல் வெறும் வெளிச்சமாக வழிந்தது. கதவுக்கு ஓரம் இல்லை. மழைச் சத்தம் இருந்தது, மழை இல்லை.

கையைத் தூக்கிப் பார்த்தாள்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எங்கே ஒரு விரல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது, தெரியவில்லை. மணிக்கட்டு எது. முகத்தைத் தடவினாள். மூக்கு இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்றிருந்தது.

அம்மா!

சத்தம் வரவில்லை. ஆனால் அம்மா வந்தாள். சமையலறையைத் துடைத்த துணி கையில் இருந்தது. அவளை உரசிக்கொண்டு மேசைக்குப் போனாள். உரசியது அம்மாவுக்குத் தெரியவில்லை. காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக் குனிந்தாள்.

"இன்னும் முடியலையாம்மா?"

"இதோ ஆச்சும்மா," என்றது திரை. "காபி நல்லா இருந்துச்சு."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதிசயமா இருக்கு, நீ வாயத் தொறந்து சொல்றது." பிறகு கண்ணைச் சுருக்கினாள். "இது என்னடி பின்னாடி, திட்டுத் திட்டா? ஸ்கிரீனத் தொடைக்கிற பழக்கமே கிடையாது உனக்கு."

அம்மா, நான்தான். அம்மா. இங்க.

திரையில் அந்தத் திட்டு அசைந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம் திறந்தது, மூடியது, திறந்தது.

"எங்களுக்கும் தெரியுதும்மா," என்றாள் மைக்செட் உரக்க. "அங்கதான். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். நல்லா அழுத்தித் தொடைங்க."

அம்மா திரைமேல் வாயை வைத்து ஊதினாள். வெதுவெதுப்பான ஈரம் அவள் முகம் முழுக்கப் படிந்தது.

பிறகு துணி வந்தது.