பெட்டியில் இல்லாத பதினாறு கட்டை

அஸ்லாக்கின் இடது கால் சுண்டுவிரல் வலிக்க ஆரம்பித்தது காலை பத்தரை மணிக்கு. அதற்கு முன் பதினாறு மணி நேரம் அது வலிக்கவே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஹில்க்காவின் சமையலறையில், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு அவர் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற விரல்கள் சிவந்துவிட்டன. சுண்டுவிரல் மட்டும் மெழுகுபோல வெளுத்துக் கிடந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார் ஹில்க்கா.

"உயிர் போகுது."

"அப்போ விரல்ல உயிர் இருக்கு. காலை எடுக்காதே."

ஹில்க்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பது ஆண்டுகள் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். இப்போது ஏரிக்கரையில் ஆறு கட்டில் போட்ட ஒரு மலிவு விடுதி வைத்திருந்தார். குளிர்கால விடுமுறையில் தெற்கிலிருந்து காசில்லாமல் வரும் மாணவர்கள்தான் அதற்கு வாடிக்கை.

கதவு திறந்தது. தபால் வண்டிக்காரர் தௌனோ முழங்கால் வரை பனியோடு உள்ளே வந்தார்.

"ஏன் ஹில்க்கா, உன் விறகுக் கொட்டகைப் பக்கம் பனியே தள்ள மாட்டியா? நீ கேட்ட ரம்பப் பார்சலை அங்க வைக்கலாம்னு போனா முழங்கால் வரைக்கும் புதைஞ்சுட்டேன். நரி கூட நடந்த தடம் இல்ல."

"முந்தாநாள் ராத்திரி பேஞ்சது. எனக்கு இடுப்பு வலி. ஊர் ரோட்டையெல்லாம் தள்ளியாச்சு, வீட்டை மெதுவாத் தள்ளிக்கலாம். நீ வண்டியை அணைக்காதே. பன்னிரண்டு மணிக்குள்ள இவனை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போகணும்."

தௌனோ தொட்டியைப் பார்த்தார், அஸ்லாக்கின் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண்கள் மின்னின. தபால் பைக்குள் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் வைத்திருக்கிற ஆள் அவர். "என்ன ஆச்சு? யார் செஞ்சது?"

"உன் ஆசை வீண் போகலை. யாரோ செஞ்சதுதான்" என்றார் அஸ்லாக். "நேத்து சாயங்காலம் மான் கூட்டத்தைத் தேடிப் போனேன். ஏரியில பனிக்கு அடியில தண்ணி நின்னிருக்கு. பனி வண்டி அதுல இறங்கிடுச்சு. முட்டி வரைக்கும் நனைஞ்சுட்டேன். மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி குளிர். குன்றுமேல இருக்கிற பொதுக் குடிலுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். கைவிரல்ல உணர்ச்சி இல்ல, தீக்குச்சியைப் பல்லாலதான் எடுத்தேன். விறகுப் பெட்டியைத் திறந்தா காலி!"

தௌனோ மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். குன்றுகளில் இருக்கும் அந்தக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது, வாடகையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கலாம். கிளம்புகிறவன் அடுத்து வருகிறவனுக்காகப் பிளந்த விறகும் தீ மூட்டச் சீவலும் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இருக்கிற ஒரே சட்டம் அதுதான். அதை மீறியவனை அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

"வெளியே கொட்டாயில பைன் உருட்டுக் கட்டை கிடந்துச்சு. இந்தக் கையால ரம்பம் பிடிச்சு அறுத்துப் பிளக்க முக்கால் மணி நேரம். பெட்டிக்குள்ள அடியில ஒரே ஒரு பைன் சீவல் கிடந்தது. சேவல் வால் மாதிரி சுருள் சுருளா. அது இல்லேன்னா நெருப்பே பிடிச்சிருக்காது. விடிஞ்சதும் நடந்தே இங்க இறங்குறதுக்கு முன்னாடி குடில் பதிவேட்டைப் பார்த்தேன். கடைசியா தங்கினது உன் ஆளுங்க மூணு பேர், ஹில்க்கா. நேத்துக் காலையிலதான் கிளம்பியிருக்காங்க."

"யார் முறை விறகு பிளக்கிறது?" என்றார் தௌனோ.

"என் முறை" என்றாள் வாசலில் நின்ற பெண்.

அவள் ராயேன். சிலி நாட்டின் தென்கோடித் தீவிலிருந்து வந்து, தெற்கே ஔலு நகரத்தில் முதுகலை படிப்பவள். அஸ்லாக்கைப் போலத் துருவ மான் மேய்ப்பவர்களைப் பற்றித்தான் ஆய்வு. வெள்ளிக்கிழமை தொடங்கும் மான் பிரிப்புக்கு, கலந்துபோன மந்தைகளை வேலிக்குள் ஓட்டி அவரவர் மானைப் பிரிக்கும் வேலைக்கு, பத்து நாள் தன்னோடு அவளைக் கூட்டிப்போவதாக அஸ்லாக் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் பெட்ரோல் செலவைப் பங்குபோட்டு, இரண்டு நண்பர்களோடு வாடகை வேனில் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். இன்னொரு முறை வர அவளிடம் பணம் இல்லை.

"பதினாறு கட்டை பிளந்தேன். எங்க ஊர் வழக்கப்படி சுருள் சுருளாச் சீவலும் சீவி வெச்சேன். பெட்டி நிறைய இருந்துச்சு. எங்க ஊர்ல நான் ஏழு வயசுல கோடாலி பிடிச்சவ."

"பெட்டி காலிம்மா" என்றார் அஸ்லாக். அவர் குரலை உயர்த்தவில்லை. "குடிலைக் காலியா விட்டுட்டுப் போறவளை நான் வேலிக்குள்ள கூட்டிட்டுப் போனா, நாளைக்கு என் அண்ணன் தம்பியே என்கூடப் பேசமாட்டான். நீ இன்னைக்கு வேன்லயே திரும்பிப் போயிடு."

கதவு நிலையைப் பிடித்திருந்த ராயேனின் விரல் மூட்டுகள் வெளுத்தன.

தௌனோ ஹில்க்காவின் காதருகே குனிந்தார். "இவதான். முறை இவளோடது. பொய் சொல்றா."

"பொய்யின்னா பெட்டியில சீவல் எப்படி வந்துச்சு?" என்றார் ஹில்க்கா. "இங்க பைனைச் சேவல் வால் மாதிரி சீவுற ஆள் யாரு? இவ பிளந்திருக்கா. அப்புறம் யாரோ எடுத்திருக்கான். மத்த ரெண்டு பேரையும் கூப்பிடு."

மணி பதினொன்று. வெளியே வேனின் இன்ஜின் சூடாக்கியில் செருகிய மின்வடம் விறைத்துத் தொங்கியது. வேனை மாலைக்குள் நகரத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு இளைஞர்களும் பக்கத்துப் படுக்கை அறையிலிருந்து மூட்டையைத் தோளில் போட்டபடியே வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மற்றவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

சாவிக்காரன் வோய்தா, செக் நாட்டுக்காரன், வேன் ஓட்டுபவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வலத் தோளிலிருந்து வலி மருந்து நெடி அடித்தது. கடிகாரக்காரன் துவார்த்தே, போர்ச்சுகல்காரன், தடித்த மூக்குக் கண்ணாடி. பயணத்தின் பொதுப்பணம் அவன் பையில்தான் இருந்தது.

"குடிலை விட்டு யார் முதல்ல கிளம்பினது?" என்று கேட்டார் ஹில்க்கா.

"நானும் இவனும்" என்றாள் ராயேன். "வோய்தா கூட்டிப் பெருக்கிட்டு, சாமானைச் சறுக்குவண்டியில கட்டி இழுத்துட்டு வர்றேன்னான்."

"நான் பாதி வழியில திரும்பிப் போனேன்" என்றான் துவார்த்தே. "பிளாஸ்க்கை மறந்துட்டேன். வழியில வோய்தா தார்ப்பாய் போர்த்தின சறுக்குவண்டியோட எதிர்ல வந்தான்."

வோய்தா சாவியை நிறுத்தினான். "நான் கிளம்பும்போது பெட்டி நிறைய விறகு இருந்துச்சு. எனக்கப்புறம் குடிலுக்குள்ள போனது இவன் ஒருத்தன்தான்."

"டேய், என்னடா சொல்ல வர்ற?"

"நடந்ததைத்தான் சொல்றேன்."

"நான் எதையும் பார்க்கலைடா! உள்ளே போனதும் கண்ணாடி வெள்ளையாயிடுச்சு. மேசையைத் தடவி பிளாஸ்க்கை எடுத்துட்டு வந்துட்டேன்."

தௌனோவால் பொறுக்க முடியவில்லை. "கேட்டியா ஹில்க்கா! கடைசியா போனவன். காசு வெச்சிருக்கிறவன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவக்கூடக் கணக்குப் பார்க்கிறான், நேத்து நானே பார்த்தேன். இவன்தான்!"

"பத்து நிமிஷம் முன்னாடி அவ. இப்போ இவன். இன்னும் கொஞ்சம் போனா நான்" என்றார் ஹில்க்கா. "துவார்த்தே, வெளியே போய் அந்த வடம் சரியாச் செருகியிருக்கான்னு பாரு. ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வா."

அவன் போனான். ஹில்க்கா துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டார். "நான் சவுனா நீராவி அறையைப் பெருக்கிட்டு வந்துடறேன். நேத்து வேர்த்துக் குளிச்சீங்களே, அப்படியே கிடக்கு."

"இந்த நேரத்துலயா?" என்றார் தௌனோ. "மணி பதினொன்னே கால்!"

"குப்பை கடிகாரம் பார்க்காது."

அஸ்லாக் தொட்டித் தண்ணீரில் காலை அசைத்தார். ராயேன் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள், திரும்ப நடந்தாள். வோய்தா மறுபடி சாவியைச் சுழற்றினான்.

"நேத்து வோய்தாதான் சவுனா சூடு பண்ணினான்" என்று ராயேன் தானாகவே அஸ்லாக்கிடம் சொன்னாள். சண்டைக்கு நடுவிலும் நன்றி மறக்காத குரல். "எனக்குப் பிறந்தநாள். விறகுக் காசு டப்பாவுல தன் கைக்காசு எட்டு யூரோ போட்டானாம். பிறந்தநாள்காரி எதையும் தொடக்கூடாதுன்னு அடுப்புப் பக்கமே விடலை."

"அதை எதுக்கு இப்போ சொல்ற, விடு" என்றான் வோய்தா.

துவார்த்தே உள்ளே வந்தான். கதவைத் தாண்டிய மறுகணம் அவன் கண்ணாடி இரண்டும் பால் ஊற்றியதுபோல வெளுத்தன. கையை முன்னால் நீட்டித் தடவினான், நாற்காலியில் இடித்தான், மேசையிலிருந்த காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டான். காப்பி, தௌனோ மேசைமேல் எடுத்து வைத்திருந்த நாவல்மேல் ஓடியது.

"கொலைகாரன் பேர் கடைசிப் பக்கத்துல இருக்குடா!" என்று அலறினார் தௌனோ.

ஹில்க்கா அவனுக்குப் பின்னாலேயே வந்தார். முறம் காலியாக இருந்தது. இடது கை மூடியிருந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார். முதல் முறையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"துவார்த்தே சொன்னது நிஜம். காலையில அடுப்பு எரிஞ்ச குடில், உள்ளே சூடு இருந்திருக்கும். கண்ணாடி வெளுத்துத்தான் ஆகணும். நாற்காலியே தெரியாதவன் பதினாறு கட்டையை எண்ணிப் பொறுக்கியிருக்க முடியாது. பொறுக்கினாலும் எதுல கொண்டு வருவான்? பதினாறு கட்டை ஒரு மூட்டை கனம். அவன்கிட்ட இருந்தது பிளாஸ்க் ஒண்ணு. சறுக்குவண்டி இருந்தது ஒருத்தன்கிட்டதான்."

"சறுக்குவண்டியில எங்க சாமான் இருந்துச்சு" என்றான் வோய்தா.

"மேல போகும்போது ரெண்டு நாள் சாப்பாடு இருந்துச்சு. வரும்போது அது உங்க வயித்துல. வழியும் இறக்கம். இருந்தும் கயிறு உன் தோளை அறுத்திருக்கு. காலையிலேர்ந்து மருந்து தேய்க்கிற. என்னத்தை இழுத்தே?"

வோய்தா சாவியை மேசைமேல் வைத்தான்.

"என் கொட்டகையில விக்கிறது பிர்ச் விறகு மட்டும்தான்" என்று தொடர்ந்தார் ஹில்க்கா. "பிர்ச்சை மூட்டணும்னா அதோட வெள்ளைப் பட்டையை உரிக்கணும். சவுனா தரையில எப்பவும் வெள்ளைப் பட்டை கிடக்கும். இன்னைக்கு ஒரு துண்டு இல்ல. இன்னொண்ணு. முந்தாநாள் ராத்திரி பனி. நேத்து என் கொட்டகைக்குப் போய் யாராவது விறகு எடுத்திருந்தா தடம் இருக்கணும். தௌனோ, நீ என்ன சொன்னே?"

"நரி கூட நடக்கலைன்னு..." தௌனோவின் வாய் அப்படியே திறந்திருந்தது. "நானே துப்பு கொடுத்துட்டு நானே பார்க்கலையே!"

"காசு டப்பாவை நான் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆள் போகாத கொட்டகையிலேர்ந்து யாரும் விறகு வாங்க முடியாது." ஹில்க்கா இடது கையை மேசைமேல் விரித்தார். பிசின் மணக்கும் மூன்று பைன் சீவல்கள். சேவல் வால் மாதிரி சுருள் சுருளாக. "அடுப்புக் காலுக்கு அடியில கிடந்தது."

ராயேன் ஒரு சீவலைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் பிறந்தநாளுக்கு நான் பிளந்த விறகையே எரிச்சியா?"

வோய்தாவின் பெரிய சிரிப்பு எங்கோ போயிருந்தது. "என்கிட்ட எட்டு யூரோ இல்லை, ராயேன். உனக்கு எதாவது செய்யணும்னு இருந்துச்சு. அது பொது விறகுதானே, காசு கிடையாதேன்னு நெனச்சேன். வெளியே கொட்டாய் நிறையக் கட்டை இருந்துச்சு. வர்றவன் பிளந்துக்குவான்னு..."

"வர்றவனுக்குக் கை வேலை செய்யும்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் அஸ்லாக். "வேலை செய்யாத கைக்குத்தாண்டா அந்தப் பெட்டி."

"அது எனக்குத் தெரியாது."

"அது தெரியாம இருக்கலாம்" என்றார் ஹில்க்கா. "தெற்கேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் தெரியாது. ஆனா இவ வாசல்ல நின்னு திட்டு வாங்கினது பக்கத்து அறையில உனக்குக் கேட்டுச்சு, அப்பவே உனக்கு எல்லாம் தெரியும். துவார்த்தே பேரை நீ சொன்னப்பவும் தெரியும். அதுக்கு என்ன சொல்ற?"

துவார்த்தே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேசைமேல் கிடந்த வேன் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நான் ஓட்டிட்டுப் போறேன். இவன் இருக்கட்டும்."

"இருப்பான்" என்றார் ஹில்க்கா. "சறுக்குவண்டி அங்க இருக்கு. என் பிர்ச் பதினாறு கட்டை. முதல்ல கொட்டகைக்குப் பாதை தள்ளு, அப்புறம் குன்றுமேல இழு. மேல போறப்போ ஏத்தம். திரும்பி வந்து என் கூரைப் பனியை இறக்கினா பஸ்ஸுக்குக் காசு தர்றேன்."

அஸ்லாக் காலைத் தொட்டியிலிருந்து எடுத்தார். தௌனோ கம்பளித் துண்டை நீட்டினார். துண்டைச் சுற்றிக்கொண்டே அஸ்லாக் ராயேனைப் பார்க்காமல் பேசினார்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணி. என் மகன் வந்து கூட்டிட்டுப் போவான். என்னால இந்த வருஷம் நிக்க முடியாது. உன் கோடாலியை எடுத்துக்கோ. அங்க தீ மூட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"சரி" என்றாள் ராயேன். பிறகு, "என்னைப் பொய்க்காரின்னு நெனச்சீங்க" என்றாள்.

"நெனச்சேன்" என்றார் அஸ்லாக். "தப்பு."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தபால் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஜன்னலுக்கு வெளியே வோய்தா முழங்காலளவு பனியில் கொட்டகைக்குப் பாதை தள்ளிக்கொண்டிருந்தான். ராயேன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போகவில்லை.

வோய்தா அன்று குன்றுக்கு இரண்டு நடை போனான். பதினாறுக்குப் பதில் முப்பது கட்டை வைத்துவிட்டு வந்தான். பட்டையையும் உரித்து வைத்திருந்தான் என்று அடுத்த வாரம் அங்கே தங்கியவர்கள் சொன்னார்கள். மான் பிரிப்பு முடிந்து ராயேன் ஔலுவுக்குத் திரும்பினாள். வோய்தாவின் கடிதம் ஒன்று அஸ்லாக்கின் பெயருக்கு வந்தது. தௌனோதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அஸ்லாக் அதைப் பிரிக்காமல் அடுப்பு மேடைமேல் வைத்தார்.

நான்காவது வாரம் மருத்துவர் அந்தச் சுண்டுவிரலை வெட்டி எடுத்தார். செய்தியைச் சொல்ல தௌனோ ஹில்க்காவின் சமையலறைக்கு வந்தபோது அவர் கையில் நாவல் இல்லை.

"விறகை அவன் திருப்பி வெச்சுட்டான், ஹில்க்கா. ஒண்ணுக்கு ரெண்டா."

"வெச்சான்" என்றார் ஹில்க்கா. "குடிலுக்கு அவன் தர வேண்டியது எதுவும் இல்லை. அஸ்லாக்குக்கு ஒரு கால்விரல் பாக்கி."