ப்ரெவோல் கம்பெனியின் கடைசி வண்டி

காலையில்தான் ஓதீல் தைத்து முடித்த தோல் இருக்கை அது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஓட்டுபவர் பக்கம் குழிந்து கிடந்தது, யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதுபோல. ஓதீல் உள்ளங்கையால் தடவினாள். ஈரம். குதிரைமயிர் திணித்த மெத்தை மெதுவாக உப்பியது. புதுத் தோலின் வாசனைக்கு அடியிலிருந்து ஆற்றுச்சேற்று நாற்றமும் கிளம்பியது.

"காஸ்பார், இதுல யாராவது உக்காந்தாங்களா?"

"யாரு இருக்கா மதாம்? நீங்க, நான், அப்புறம் எலி." மேஸ்திரி காஸ்பார் விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

உண்மைதான். சைக்கிள் செய்துகொண்டிருந்த ப்ரெவோல் கம்பெனி மோட்டார் வண்டிக்கு மாறி முழுதாக இரண்டு வருஷம் ஆகவில்லை. பாரிஸ் கண்காட்சியில் நல்ல பெயர்கூட வாங்கியது. வசந்தத்தில் சோதனை ஓட்டத்துக்குப் போன கம்பெனி ஓட்டுநர் அன்செல்ம், வண்டியோடு சேன் நதியில் விழுந்தான். வண்டியைத் தூக்கினார்கள். அவன் கிடைக்கவில்லை. பிறகு வாங்க ஆளில்லாமல் பட்டறையே காலியானது. முன்பே பணம் வாங்கிவிட்ட இந்த ஒன்றை ரயிலேற்றிவிட்டால் கதவைப் பூட்டிவிடலாம்.

"கோடையிலேயே வார்ப்பு உலைய அணைச்சாச்சே. இதுக்கு என்ஜின் ஏது?"

காஸ்பாரின் கை நின்றது. "வெளியே சொல்லாதேன்னாரு முதலாளி. ஆத்துலேர்ந்து எடுத்ததுதான். கழுவி எண்ணெய் போட்டாச்சு. இரும்புதானே மதாம்."

மேற்கூரைத் துணியை ரயிலடியில்தான் பொருத்த வேண்டும். அவளும் போகாமல் முடியாது. மனமில்லாமல் ஏறி, ஓட்ட உட்கார்ந்த காஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே மாலை மூடுபனி. வாசலில் வண்டியை நிறுத்தி, காஸ்பார் இரும்புக்கதவைத் திறக்க இறங்கினான். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, அந்த உறுமலுக்கு ஊடே, தண்ணீரை விழுங்குவதுபோல ஒரு சத்தம், நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் தோல் கிறீச்சிட்டது.

ஓதீல் திரும்பவில்லை. கண்ணோரத்தில் தெரிந்தது. மெத்தை அமுங்குகிறது. மெதுவாக. ஆழமாக.

பிரேக் கம்பி தானே முன்னால் சாய்ந்து விடுபட்டது.

"மதாம், எதையும் தொடாதீங்க!"

"நான் தொடல," என்றாள்.

காஸ்பார் பாய்ந்து விலகினான். வண்டி வாசலைத் தாண்டியது. ரயிலடிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டியரிங் சக்கரம் இடப்பக்கம் சுழன்றது. ஆற்றுப்பக்கம். அதன் வளையத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

குதித்துவிட எழுந்தாள். முடியவில்லை. பாவாடையின் ஓரம் பக்கத்து இருக்கைக் குழிக்கு அடியில் சிக்கியிருந்தது. ஒரு முழு ஆளின் கனம். இழுத்தாள். கிழியவில்லை. வரவும் இல்லை.

குழி நகர்ந்தது. அவள் பக்கமாக.

தொடையோடு தொடை ஒட்டியது. சில்லென்று.